நஞ்சும் விரையும்: ஆண் கருவளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆனதும் மனைவியை மட்டும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலைய விடுவது நம் வீடுகளில் இன்னும் வழக்கம்தான். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி வேலையிடத்திலிருந்தும், வயலிலிருந்தும், மருந்துக் கடையிலிருந்தும், ஜிம்மிலிருந்தும் வருகிறது. அது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விரைக்குள் என்ன இருக்கிறது? நேராக நஞ்சுக்கு வந்துவிடக் கூடாதா?

வரலாம், ஆனால் பாதிதான் புரியும். விரைக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழல்களில்தான் விந்தணு உற்பத்தி நடக்கிறது. அங்கே மூன்று வகை செல்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, விந்தணுவாக மாறப்போகும் செல்கள். குழலின் சுவர் ஓரத்தில் மூலச்செல்கள் இருக்கும். அவை பெருகி, பிரிந்து, உள்நோக்கி நகர்ந்து, கடைசியில் வால் முளைத்த விந்தணுவாக விடுபடும். இதற்குச் சுமார் 74 நாட்கள் ஆகும். பிறகு விரையை ஒட்டியுள்ள எபிடிடைமிஸ் என்ற நீண்ட குழாயைக் கடந்து நீந்தும் திறன் பெற ஏறக்குறைய இரண்டு வாரம்.

இரண்டாவது, செர்டோலி செல். இத்தாலியரான என்ரிகோ செர்டோலி 1865-ல் விவரித்தது. வளரும் விந்தணுக்களை இறுகப் பிடித்துக்கொண்டு ஊட்டம் கொடுக்கும் தாதி இது. ஒரு செர்டோலி செல்லால் குறிப்பிட்ட எண்ணிக்கை விந்தணுக்களைத்தான் வளர்க்க முடியும். பருவ வயதுக்குப் பிறகு இந்தச் செல் பெருகுவதில்லை. அதாவது ஒருவர் வாழ்நாள் முழுக்க எவ்வளவு விந்தணு உற்பத்தி செய்ய முடியும் என்பதன் உச்சவரம்பு சிறுவயதிலேயே முடிவாகிவிடுகிறது.

மூன்றாவது, லேடிக் செல். குழல்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் இருந்துகொண்டு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது.

எந்த நஞ்சைப் பற்றிப் பேசினாலும் இந்த மூன்றில் எது அடிவாங்கியது என்று கேளுங்கள். திரும்பச் சரியாகுமா, எத்தனை நாள் ஆகும், ரத்தப் பரிசோதனையில் என்ன தெரியும் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

ரத்தத்தில் இருக்கும் நஞ்சு விந்தணுவைத் தொடாமல் தடுக்க ஒரு அரண் இருக்கிறதாமே?

இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து உருவாக்கும் தடுப்பு அது. குழலின் உள்பக்கம் வளரும் செல்களுக்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் மூலச்செல்கள் அந்தத் தடுப்புக்கு வெளியே, ரத்தத்தின் பக்கமாகவே இருக்கின்றன. உற்பத்திக்கு முதலே அவைதான், ஆனால் அவற்றுக்கு இந்த அரண் கிடையாது. கொழுப்பில் கரையும் கரைப்பான்களும் சில பூச்சிமருந்துகளும் தடுப்பைத் தாண்டி உள்ளேயும் போய்விடும். தடுப்பையே உடைக்கும் பொருள்களும் உண்டு, காட்மியம் அப்படிப்பட்டது.

வேலையிடத்து நஞ்சால் ஆண்களுக்கு மலடு ஏற்பட்டது என்பதற்கு உறுதியான ஆதாரம் உண்டா?

உண்டு. இந்தத் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது டி.பி.சி.பி. கதைதான். டைப்ரோமோகுளோரோபுரோப்பேன் என்பது முழுப்பெயர். வேரைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல மண்ணில் செலுத்தும் மருந்து. 1950களிலிருந்து டவ், ஷெல் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தயாரித்தன.

கலிபோர்னியாவில் லேத்ரப் என்ற ஊரில் ஆக்சிடென்டல் நிறுவனத்தின் ஆலையில் இதைக் கலக்கும் வேலை நடந்தது. அங்கே வேலை பார்த்த ஆண்கள் சாப்பாட்டு நேரப் பேச்சில்தான் ஒன்றைக் கவனித்தார்கள்: நம்மில் யாருக்குமே இப்போதெல்லாம் குழந்தை பிறப்பதில்லையே! 1977-ல் அவர்களே முன்வந்து விந்து மாதிரி கொடுத்தார்கள். டொனால்ட் வார்ட்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பரிசோதித்தபோது, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யாத 25 பேரில் 14 பேருக்கு விந்தணு அறவே இல்லை, அல்லது மிகக் குறைவு. விரையை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். (குழல்களுக்கு), எல்.எச். (லேடிக் செல்லுக்கு) ஹார்மோன்கள் எகிறியிருந்தன. நீண்டகாலம் வேலை செய்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம்.

அந்த ஆண்களுக்கு வேறு எந்த நோயும் இல்லை. தாம்பத்தியத்தில் குறை இல்லை, டெஸ்டோஸ்டிரோன் அளவும் சரி. லேடிக் செல் அதிகம் பாதிக்கப்படாமல், மூலச்செல்கள் மட்டும் காலியாகிக்கொண்டிருந்தன. பிள்ளை வேண்டும் என்று முயன்றவர்களுக்குத்தான் ஏதோ தப்பு என்றே தெரிந்தது. "எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு எதற்கு டெஸ்ட்?" என்று கேட்கும் கணவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

கோபம் வரும் பகுதி இனிமேல்தான். இந்த மருந்து எலிகளின் விரையைச் சுருக்குகிறது என்று நிறுவனங்களின் ஆதரவோடு நடந்த ஆய்வே 1961-ல் அச்சில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு 16 வருஷம் தொழிலாளிகள் அதைக் கலந்துகொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் பீச் பழ விவசாயிகளின் தேசிய அமைப்பிலிருந்து அமெரிக்க அரசுக்கு ஒரு கடிதம் போனது: இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருப்பவர்களை இந்த வேலைக்கு அமர்த்தலாமே என்று! 1979-ல் அமெரிக்கா ஹவாயின் அன்னாசித் தோட்டங்கள் தவிர மற்ற இடங்களில் தடை செய்தது. அங்கும் 1985-ல் நின்றது. ஆனால் கோஸ்டா ரிக்கா, நிகராகுவா வாழைத் தோட்டங்களுக்கு அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் அலைந்தார்கள்.

பிற்காலக் கண்காணிப்பில் தெரிந்தது இது: எண்ணிக்கை குறைந்திருந்தவர்களில் பலருக்கு, வேலையை விட்டபின் மீண்டும் கூடியது. விந்தணு அறவே இல்லாமல் போய், எஃப்.எஸ்.எச். உயர்ந்தே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு மீளவில்லை. மூலச்செல் மிச்சம் இருந்தால் மீட்சி உண்டு, தீர்ந்துபோனால் இல்லை.

அப்படியானால் வயலில் மருந்து அடிக்கிறவர்களுக்கெல்லாம் பிள்ளை பிறக்காதா?

இல்லை, அப்படிச் சொல்ல முடியாது. எல்லாப் பூச்சிமருந்தும் டி.பி.சி.பி. அல்ல. பொருள், அளவு, எத்தனை வருஷம், எப்படிக் கையாள்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளைத் தொடர்ந்து கையாள்பவர்களிடம் விந்தணுவின் அசைவும் எண்ணிக்கையும் குறைவதையும், டி.என்.ஏ. சிதைவு கூடுவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது பெரும்பாலும் சரிவுதானே தவிர, ஒரேயடியான மலடு அல்ல.

பக்கத்து மாநிலத்து உதாரணம் காசர்கோடு. அங்கே முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் அப்பகுதியில் 10 முதல் 19 வயது வரையுள்ள 117 மாணவர்களையும், தெளிப்பு நடக்காத இடத்தைச் சேர்ந்த 90 மாணவர்களையும் ஒப்பிட்டு 2003-ல் முடிவை வெளியிட்டது. தெளிப்பு நடந்த பகுதிப் பையன்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதம். டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். அதிகம். மூளையடிச் சுரப்பி "சுரந்து கொடு" என்று எல்.எச். மூலம் அதட்டுகிறது, லேடிக் செல்லால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று இதைப் படிக்கலாம். சிறிய ஆய்வுதான். ஆனால் திசை தெளிவாக இருந்தது. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

மருந்து அடிப்பவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த மருந்துகள் உடலுக்குள் போகும் முக்கிய வழி தோல். டேங்கில் ஊற்றிக் கலக்கும்போது கையில் படுவதும், கசியும் டேங்கைத் தோளில் மாட்டியதில் நனைந்த முதுகும் இடுப்பும் மூக்கைவிடப் பெரிய வாசல்கள். கையுறை, முழுக்கால் சட்டை, காற்று வீசும் திசை பார்த்து அடிப்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் துவைப்பது. இவ்வளவும் செலவில்லாத காரியங்கள்.

பேட்டரிக் கடை, பட்டறை, தோல் தொழிற்சாலை வேலைகளில் என்ன ஆபத்து?

உலோகங்கள்.

ஈயம் முதலில். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குபவர்கள், ரேடியேட்டர் பற்றவைப்பவர்கள், பழைய பெயின்ட்டைச் சுரண்டுபவர்கள் இதில் மாட்டுகிறார்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டும்போது விந்தணு எண்ணிக்கையும் தரமும் குறைவது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஈயம் குழல் செல்களையும் தாக்கும், மூளையிலிருந்து வரும் ஹார்மோன் கட்டளையையும் குழப்பும். எலும்பில் போய்த் தங்கிவிடுவதால் வேலையை விட்ட பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்து கையைக் கழுவாமல் பட்டறையிலேயே டீ, வடை சாப்பிடுவதுதான் இதில் பெரிய வழி.

காட்மியத்தின் முறை வேறு. 1950களில் எலிகளுக்கு ஒரே ஒரு ஊசி காட்மியம் உப்பு செலுத்திப் பார்த்தபோது விரை மட்டும் ரத்தம் கசிந்து அழுகிப் போனது. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் காட்மியத்துக்கு அவ்வளவு எளிதில் உடைபவை. துத்தநாகத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தால் எலிகள் தப்பின. மனிதர்களுக்கு அந்த அளவு ஒரேயடியாக வருவதில்லை. முலாம் பூசும் வேலை, நிக்கல்-காட்மியம் பேட்டரி, அப்புறம் சிகரெட் வழியாகச் சிறுகச் சிறுகச் சேர்கிறது.

குரோமியத்தில் நமக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஊர்களையும், ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலையும் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் மைக்கேல் அருள்தாஸ் குழுவினர் நம் ஊர் நாட்டுக்குரங்குகளுக்கு ஆறு மாதம் குடிநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு எண்ணிக்கையும் அசைவும் குறைந்தன, குழல்களுக்குள் செல் அடுக்கு குலைந்தது, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடியது. நிறுத்தி ஆறு மாதம் விட்டபோது விந்து பழைய நிலைக்குத் திரும்பியது. 2005, 2006-ல் வெளிவந்த முடிவுகள் இவை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம், அது அவ்வளவு நஞ்சல்ல. ஆறு இணைதிறன் வடிவம்தான் செல்லுக்குள் எளிதில் நுழைகிறது.

பெயின்ட், தின்னர், பிசின் வாசனையில் வேலை செய்கிறேன். பயப்பட வேண்டுமா?

டப்பாவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிளைகால் ஈதர் என்ற கரைப்பான் குடும்பத்தில் 2-மெத்தாக்சிஎத்தனால், 2-எத்தாக்சிஎத்தனால் என்ற இரண்டு பேர்தான் முக்கியக் குற்றவாளிகள். பெயின்ட், வார்னிஷ், அச்சு மை ஆகியவற்றில் நிறையப் பயன்பட்டவை. இவை உடலில் ஒரு அமிலமாக மாறி, விந்தணு உற்பத்தியின் நடுக்கட்டத்தில் இருக்கும் பிரியும் செல்களைக் கொல்கின்றன. மூலச்செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுவதால் விலகினால் மீட்சிக்கு வாய்ப்பு உண்டு. அமெரிக்கக் கப்பல்கட்டும் தளப் பெயின்டர்களிடம் விந்தணு குறைந்திருந்தது 1980களில் பதிவானது. அதன்பின் பல நாடுகளில் வேறு கரைப்பான்களுக்கு மாறினார்கள். இதுவும் தோல் வழியாக நன்றாக இறங்கும், ஆகவே தின்னரில் கை கழுவும் பழக்கத்தை விடுங்கள்.

செருப்புப் பிசினில் வரும் ஹெக்சேன் நரம்பைக் கெடுப்பது பலருக்குத் தெரியும். அதே பொருள் உடலில் மாறி உருவாகும் ஹெக்சேன்டையோன், எலிகளில் செர்டோலி செல்லின் உள்கட்டமைப்பைக் குலைக்கிறது.

சிகரெட், பான்பராக், குடி?

மூன்றும் கெடுதல். சிகரெட் புகையில் காட்மியம், ஈயம் முதல் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் வரை இருக்கிறது. புகைப்பவர் ரத்தத்தில் காட்மியம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. எண்ணிக்கை, அசைவு இரண்டும் குறைகின்றன. புகையில்லாப் புகையிலையும் தப்பாது. மும்பையில் புகையிலை மெல்லுபவர்களிடம் நடந்த ஆய்வில் எவ்வளவு அதிகம் மென்றார்களோ அவ்வளவு குறைவாக இருந்தது விந்தணு. தினமும் நிறையக் குடித்தால் லேடிக் செல்லும் கல்லீரலும் சேர்ந்து அடிவாங்கி டெஸ்டோஸ்டிரோன் இறங்கும். எப்போதாவது ஒரு பீர் குடிப்பவருக்கு இந்த அளவு கவலை தேவையில்லை.

ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்கிறார்களே, அதுதான் ஆண்மையைக் கூட்டுமே?

உடம்பைக் கூட்டும், விந்தணுவை அழிக்கும். இந்த முரண் பலருக்கு நம்ப முடிவதில்லை. விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு அதிகமாக இருந்தால்தான் விந்தணு வளரும். வெளியிலிருந்து ஊசி போட்டதும் மூளை "போதுமான அளவு இருக்கிறது" என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடும். லேடிக் செல் வேலையை நிறுத்தும், விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் வற்றிவிடும். ரத்தத்தில் மட்டும் நிறைய இருக்கும்.

இதை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்தது. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. 1990-ல் வெளியான முடிவின்படி 271 பேரில் 157 பேருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமல் போனது. ஜிம்களில் ஓடுவது பெரும்பாலும் அதைவிட அதிக அளவு, அதுவும் இரண்டு மூன்று வகை சேர்த்து. நிறுத்தினால் பலருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருஷம்கூட ஆகும். களைப்புக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதிக்கொடுக்கும் மருத்துவரிடமும், பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரைகள்?

குடல் அழற்சிக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் சல்பாசலாசின் விந்தணுவைக் குறைக்கும். நிறுத்தி இரண்டு மூன்று மாதத்தில் சரியாகிவிடும், மாற்று மருந்தும் உண்டு. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

புற்றுநோய் சிகிச்சைதான் பெரிய விஷயம். சைக்ளோபாஸ்பமைடு, புசல்பான் போன்ற மருந்துகளும் கதிர்வீச்சும் வேகமாகப் பிரியும் செல்களைக் கொல்லவே வந்தவை. மூலச்செல்களும் அதில் போய்விடலாம். சிகிச்சை தொடங்கும் முன்பே விந்து மாதிரி கொடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடலாம். ஓரிரு நாளில் முடியும் வேலை. பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு லிம்போமா என்று தெரிந்த அதிர்ச்சியில் வீட்டார் யாருக்கும் இது நினைவு வராது. கூச்சத்தில் மருத்துவர்களும் சில சமயம் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேளுங்கள்.

சூடு நஞ்சா?

நஞ்சல்ல, ஆனால் அதே வேலையைச் செய்யும். விரை உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். உலைக்கு முன்னால் நிற்பவர்கள், நாள் முழுக்க இன்ஜின் சூட்டில் அமரும் லாரி ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டும். கடும் காய்ச்சல் வந்தால் அடுத்த இரண்டு மூன்று மாதம் கவுண்ட் இறங்கியிருக்கும். டெங்குவிலிருந்து எழுந்த அடுத்த மாதமே டெஸ்ட் எடுத்துவிட்டுக் கலங்காதீர்கள்.

பிளாஸ்டிக் பற்றி நிறையச் சொல்கிறார்களே?

பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. இளம் எலிகளில் இவை செர்டோலி செல்லுக்கும் வளரும் விந்தணுவுக்கும் உள்ள பிடியைத் தளர்த்துகின்றன. இன்னும் முக்கியம், கருவிலேயே ஆண் எலிக்குட்டியின் லேடிக் செல் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைக் குறைத்து, இறங்காத விரை, சிறுநீர்த் துளை இடம் மாறுவது போன்ற பிறவிக் குறைகளை உண்டாக்குகின்றன. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் சட்டம் போட்டுக் குழந்தை விளையாட்டுப் பொருள்களில் சில தாலேட்டுகளைத் தடுத்தது. செர்டோலி செல் எண்ணிக்கை சிறுவயதில் முடிவாகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே வளர்ந்த ஆணைவிடக் கர்ப்பிணியின் தட்டில் என்ன இருக்கிறது என்பது இங்கே பெரிய கேள்வி. சூடான சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை நிறுத்துவது நல்ல தொடக்கம்.

நுண்பிளாஸ்டிக் மனித விரைத் திசுவிலேயே இருப்பது 2024-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இருக்கிறது என்பது உறுதி. அதனால்தான் மலடு என்று பரவும் வீடியோக்கள் அவசரப்படுகின்றன.

உலகம் முழுக்க விந்தணு குறைந்துகொண்டே வருகிறது என்பது உண்மையா?

1992-ல் டென்மார்க்கின் கார்ல்சென், ஸ்காக்கெபேக் குழு 61 ஆய்வுகளைத் தொகுத்து, 1940-ல் மில்லிலிட்டருக்கு 11.3 கோடியாக இருந்த சராசரி 1990-ல் 6.6 கோடியாக இறங்கியது என்றது. 2017-ல் ஹகாய் லெவின் குழு, மேற்கு நாடுகளில் 1973 முதல் 2011 வரை பாதிக்கு மேல் சரிவு என்றது. எண்ணும் முறைகள் காலத்தோடு மாறியதால் சரிவை மிகைப்படுத்துகிறார்கள் என்ற விமர்சனமும் உண்டு. என் கருத்தில் சரிவு உண்மை. ஆனால் முழுப்பழியையும் ரசாயனத்தின் மேல் போட முடியாது. உடல் பருமனுக்கும் புகைக்கும் பங்கு உண்டு.

பருத்திக்கொட்டையில் ஆண்களுக்கு ஆகாத ஏதோ இருக்கிறதாமே? மதுரையில் பருத்திப்பால் குடிக்கிறோமே!

அந்தப் பொருளின் பெயர் காசிபால். சீனாவில் சுத்திகரிக்காத பருத்திக்கொட்டை எண்ணெயை அன்றாடச் சமையலுக்கு ஊற்றிய கிராமங்களில் பிள்ளைப்பேறு நின்றுபோனதை 1950களில் கவனித்தார்கள். பிறகு அதையே ஆண் கருத்தடை மாத்திரையாக்கி 8,000 பேருக்கு மேல் சோதித்தார்கள். விந்தணு நன்றாகவே குறைந்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது, சிலருக்கு நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவில்லை. கைவிட்டார்கள். வேகவைக்கும்போது காசிபாலின் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் இழக்கும். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போதும் நீங்கிவிடும். சாயங்காலம் வாங்கும் ஒரு டம்ளர் பருத்திப்பாலை அந்தக் கிராமத்து எண்ணெயோடு ஒப்பிட வேண்டாம்.

எந்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்? ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

முதலில் விந்து பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் உறவு இல்லாமல் இருந்து கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்பு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, அசைவு 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். ஒரு வருஷத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களில் மிகக் குறைந்த 5 சதவீதத்தினர் இருந்த இடம்தான் இந்த வரம்பு. இதற்குக் கீழே போனால் மலடு என்று அர்த்தம் இல்லை, மேலே இருந்தால் உத்தரவாதமும் இல்லை. ரிப்போர்ட்டில் "இயல்பான வடிவம் 4%" என்று பார்த்து நள்ளிரவில் அழுபவர்கள் உண்டு. அது தேர்ச்சி மதிப்பெண்தான்.

குறைவாக இருந்தால் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன். எஃப்.எஸ்.எச். எகிறி விரையும் சிறுத்திருந்தால் குழலுக்குள் செல் இழப்பு. எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் தரைமட்டமாக இருந்தால் ஊசியைச் சந்தேகிக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் விந்தணு இல்லையென்றால் குழாய் அடைப்பாக இருக்கலாம். பட்டறை வேலை என்றால் ரத்தத்தில் ஈய அளவையும் கேட்டுப் பாருங்கள்.

நஞ்சிலிருந்து விலகிவிட்டேன். எப்போது திரும்ப டெஸ்ட் எடுக்கலாம்?

மூன்று மாதம் கழித்து. இன்று வெளிவரும் விந்தணு மூன்று மாதத்துக்கு முன் தொடங்கியது என்பதால் அதற்கு முன் எடுப்பதில் பிரயோஜனம் இல்லை. நடுக்கட்டச் செல்கள் மட்டும் அடிபட்டிருந்தால் அந்த மூன்று மாதத்திலேயே மாற்றம் தெரியும். மூலச்செல்கள் குறைந்திருந்தால் மாதங்கள், சில சமயம் வருஷங்கள். மனைவியின் வயது 35-ஐ நெருங்குகிறது என்றால் கவுண்ட் கூடட்டும் என்று காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. இக்சி (ஆய்வகத்தில் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் செலுத்துவது) போன்ற வழிகளையும் கூடவே பேசுங்கள்.

லேகியம், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை உதவுமா?

துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை 2,370 தம்பதிகளிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு: மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பிள்ளை பிறந்த விகிதத்தில் வித்தியாசம் இல்லை. குறைபாடு இருந்தால் சரிசெய்யலாம், அதற்கு மேல் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

பெயர் இல்லாத டப்பாவில் வரும் "வீரிய" லேகியங்களைப் பற்றி எனக்குக் கடுமையான எண்ணம் உண்டு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்த 2008 ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. கவுண்ட் ஏற வேண்டும் என்று ஈயத்தை விழுங்குவதா?

என் விந்தணுவில் இருக்கும் சேதம் பிள்ளைக்கு வருமா?

டி.என்.ஏ. சிதைவு அதிகமாக இருந்தால் கருத்தரிக்கத் தாமதமும் கருச்சிதைவும் கூடுகின்றன. கீமோ முடித்தவர்கள் சில காலம் கருத்தடை பயன்படுத்தச் சொல்வது இதனால்தான். எத்தனை மாதம் என்பது மருந்தைப் பொறுத்தது. பல வருஷம் கழித்துப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றிய பெரிய ஆய்வுகள் ஆறுதல் தருபவையாகவே இருக்கின்றன.

மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, ஜிம் பொடி டப்பாவின் படம், வேலையிடத்தில் கையாளும் பொருளின் லேபிள் படம். பூச்சிமருந்து என்றால் வணிகப் பெயரோடு கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருளின் பெயரும் தெரிய வேண்டும். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால் "கம்பெனி" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காதீர்கள். எந்தப் பிரிவு, எத்தனை வருஷம், கையுறை உண்டா, கூட வேலை பார்ப்பவர்களில் வேறு யாருக்காவது இதே பிரச்சினை உண்டா என்பது வரை சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.